அனுபவம்: இல்லை

"அக்கா, இதுல அஞ்சு காப்பி வேணும்" என்று அவள் நீட்டிய தாளைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயோடேட்டாவாம். பெயர், வயது, பத்தாம் வகுப்பு. நாலாவது வரியில் கொட்டை எழுத்தில், "அனுபவம்: இல்லை."

நான் ஜெராக்ஸ் கடைக்காரி. எதிர்மாடி வீட்டுக்காரனின் தங்கை அவள். கடையில் உட்கார்ந்தால் அந்த வீட்டு பால்கனி தெரியும். பதினோரு வருஷமாக அங்கே துணி உலர்த்துவது அவள், அண்ணன் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது அவள். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்கு நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். அண்ணனும் அண்ணியும் காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அப்பா போய்ச் சேர்ந்ததும், உள்ளங்கையில் வைத்துத் தாங்கிய பிள்ளை என்ற நல்ல பேர் மட்டும் அண்ணன்காரனுக்கு.

"யாரு அடிச்சுக் குடுத்தது?"

"அண்ணன்தான், ஆபீஸ்லயே. மூணு இடத்துல குடுத்தேன். பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"குடுக்காம? நீ வேலைக்குப் போயிட்டா உங்க அண்ணன் வீட்டுல மாடா உழைக்கிறது யாரு? அதான் இல்லைன்னு அடிச்சிருக்கார்."

அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், தங்க அறையும் தருவார்கள் என்றாள். "இதுவும் போச்சுன்னா எனக்கு நான் படுக்கிற அந்த ஹால் மூலைதான்கா கதி."

தாளைக் கிழித்துப் போட்டேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, செய்த வேலையெல்லாம் சொல்லச் சொன்னேன். "வீட்டு வேலைதான்" என்று இழுத்தாள். நான் விடவில்லை. மருந்து வேளை, மூக்குக் குழாயில் உணவு, சர்க்கரை ஊசி என்று ஒவ்வொன்றாக வந்தது. அடித்து முடித்தபோது ஒன்றரைப் பக்கம்.

"விசாரிக்க யார் பேர் போடறது?"

பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள். "வேலை கொடுத்தவர்னு அண்ணன் பேரைப் போடுங்க. நம்பர் சொல்றேன்."

"காலை வாரிவிட்டுட்டா?"

"விடட்டும். இல்லைன்னு எழுதினவர் வாயாலயே நான் கேக்கணும்."

வாயில்லாப் பூச்சி என்றல்லவா நினைத்திருந்தேன். எனக்கு அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்து அவளே சொன்னாள். இல்லத்து மேனேஜரம்மா அவள் எதிரிலேயே அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்.

"உங்க அப்பாவை யாருங்க பார்த்துக்கிட்டது?"

"நான்தாங்க. பெத்த பிள்ளையாச்சே."

"நாலு வருஷத்துல ஒரு படுக்கைப்புண்கூட வரலைன்னு போட்டிருக்கு. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவெச்சீங்க?"

மேனேஜரம்மா போனை இன்னும் கிட்டே இழுத்தார்.

"ஹலோ, இருக்கீங்களா?"

"அதெல்லாம்... தங்கச்சிக்குத்தாங்க தெரியும்."

மேனேஜரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேடம். ராத்திரியிலயும்" என்றாள் அவள். அறைச் சாவி மேசைக்கு வந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு சார். திரும்பி வந்தா இவங்களை வேலைக்கு வெச்சுப்பீங்களா?"

"கண்டிப்பா. அவ இல்லாம இங்க ஒண்ணும் ஓடாதுங்க. உடனே அனுப்பிடுங்க."

இவள் போன் பக்கம் குனிந்தாளாம்.

"அனுபவம் இல்லாத ஆளு உங்களுக்கு எதுக்குண்ணா?"