கோட்டருகே இருந்தவன்

என் மகள் இறகுப்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு ஏழாண்டுகள் ஆடினாள். அத்தொழிலை முடித்துவைத்த சொல் என் வாயிலிருந்து வந்தது. எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் இதை அறிந்தவர் இல்லை; அவளுடைய கணுக்காலையே எல்லோரும் காரணமாகச் சொல்வர்.

அக்கணுக்காலின் தசைநார் இருமுறை கிழிந்து ஆறியிருந்தது. இன்னும் ஓராண்டு தாங்கும் என்றார் மருத்துவர். அதற்குள் மாநில அணியில் இடம் பெற்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசுப் பணி கிடைக்கக்கூடும். பெறாவிடில் கையில் மட்டை ஒன்றே எஞ்சும். பட்டப்படிப்பை அவள் பாதியில் விட்டவள்.

தேர்வுப் போட்டி பாலக்காட்டில் நடந்தது. கணவாய்க் காற்று பந்தை அலைக்கழிக்கும் என்று அரங்கின் கதவுகளை அடைத்திருந்தனர். உள்ளே புழுக்கம் தாளவில்லை. கோட்டு நடுவர்கள் போதாதபோது, ஆடுவோரின் தந்தையரையே எதிரெதிர்ப் பின்கோடுகளில் அமர்த்துவது அவ்வரங்கின் வழக்கம். ஒருவர் கண் மற்றவர்மேல் இருக்கையில் எவரும் பிறழமாட்டார் என்பது அவர்கள் எண்ணம்.

எதிர்த்து ஆடிய பெண்ணின் தந்தை காந்தலூரில் பூண்டு பயிரிடுபவர். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர்.

"வாத்தியாரய்யா, பரீட்சையில சொந்தப் பிள்ளைக்கு மார்க்கு கூடப் போட்டிருக்கீங்களா?"

"ரெண்டு மார்க் கொறச்சுத்தானுங்க போட்டிருக்கேன்."

"அப்படின்னா எம்மவ பாதி ஜெயிச்சாச்சு" என்று சிரித்தபடி தம் நாற்காலிக்குப் போனார்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் என் வகுப்பில் பயின்ற ஆண்டில் அவ்வாறே செய்தேன். ஊரார் என்னைப் பழிக்கலாகாது என்பதே அன்று எனக்குப் பெரிதாகப்பட்டது.

தலைமை நடுவர் எங்களுக்கு மூன்று சைகைகளை விளக்கினார். பந்து உள்ளே விழுந்தால் கோட்டைச் சுட்ட வேண்டும். வெளியே விழுந்தால் இரு கைகளையும் விரித்து உரக்கச் சொல்ல வேண்டும். பார்வைக்குத் தப்பினால் கண்களைப் பொத்திக்கொள்ள வேண்டும். அப்போது தலைமை நடுவரே முடிவு செய்வார்; அவராலும் இயலாவிடில் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடுவர்.

மூன்றாம் ஆட்டத்தில் என் மகள் பத்தொன்பது, எதிராளி இருபது; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எதிராளிக்கு வெற்றி. என் மகள் எம்பிப் பந்தை என் கோட்டின் மூலைக்கு உயர்த்தி அடித்தாள். எதிராளி அதைத் தொடாமல் விட்டாள். அக்கணம் நான் கோட்டைப் பார்க்கவில்லை. எம்பிய என் மகள் தரையிறங்குகையில், தசைநார் கிழிந்து ஆறிய இடக்கால் மடங்கியது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு கிடந்தது. விழுந்த இடம் எது, உருண்ட தொலைவு எவ்வளவு என்று தெரியவில்லை.

கண்ணைப் பொத்தினால், மகளைக் காப்பாற்றப் பொத்தினேன் என்று நினைப்பார்களே எனத் தோன்றிற்று. எதிர்க்கோட்டிலிருந்து காந்தலூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை விரித்தேன். "அவுட்" என்றேன்.

வீடு திரும்பும் பேருந்தில், ஊர் நெருங்கிய பின்னர்தான் அவள் பேசினாள்.

"ஏனுங்கப்பா, நெசமாலுமே பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு."

"செரீங்க" என்றாள்.

என் மகளின் பெயர் இல்லாமல் அணியின் பட்டியல் வெளியான மறுநாள் காந்தலூர்க்காரர் தொலைபேசியில் அழைத்தார். "எம் பொண்டாட்டி எடுத்த வீடியோவ நேத்துத்தான் பாத்தேன் வாத்தியாரய்யா. ஷட்டில் உள்ளதான் விழுந்திருக்கு. பெத்த அப்பனே அவுட்டுங்கும்போது நான் என்னத்தச் சொல்ல? அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவர் அழைப்பைத் துண்டித்தார். மகளிடம் நான் எதையும் கூறவில்லை. அவ்வாண்டு முடியுமுன் கணுக்கால் மூன்றாம் முறை கிழிந்தது.

இப்போது அவள் கஞ்சிக்கோட்டில் ஒரு வாடகைக் கூடத்தில், தொழிற்சாலைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறாள். சென்ற மாதம் அங்கே சிறு போட்டி ஒன்று நடந்தது. பெற்றோரையும், பார்க்கப் போயிருந்த என்னையும் ஓரத்து இருக்கைகளில் அமரச் செய்து, கோட்டருகே தன் மாணவிகளையே நிறுத்தினாள். மூன்று சைகைகளையும் கற்பித்தாள். கடைசிச் சைகைக்குத் தன் இரு கைகளாலும் கண்களை மூடிக் காட்டினாள்.

"பாக்கலீன்னா இப்படிப் பொத்திக்கோணும். அதுல வெக்கமே கெடையாது, தெரிஞ்சுதா?"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பொத்திப் பார்த்தனர். அவள் என் பக்கம் திரும்பவில்லை. முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.