நடுவில் வைத்தால் கேட்கும்

நான் ஆறாவது படித்தபோது எங்கள் வீட்டில் நான் தொடக்கூடாத பொருள் ஒன்றுதான் இருந்தது. அக்காவின் எலெக்ட்ரிக் கிட்டார். சித்தப்பா யாரிடமோ பழசாக வாங்கிக் கொடுத்தது. அக்கா டியூஷனுக்குக் கிளம்பியதும் நான் அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

வாசிக்கத் தெரியாது. எனக்குப் பிடித்தது சுவிட்ச். கம்பிகளுக்குக் கீழே, சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு இருக்கும். சுவிட்சை மேலே தள்ளினால் ஒன்று பேசும், கீழே தள்ளினால் மற்றது. நடுவில் வைத்தால் இரண்டும். எந்தப் பிக்கப் பேசுகிறதோ அதை ஸ்பூனால் தட்டினால் பெட்டிக்குள் 'டொக்' என்று கேட்கும். இதுதான் என் கச்சேரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் சர்ச்சில் அக்கா முதல் முறையாகத் தனியாக வாசிக்க வேண்டும். வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், சுவிட்சை மேலே தள்ளினால் சத்தமே வரவில்லை என்றாள். கீழே தள்ளினால் வருவது கீச்சுக் குரல், மெதுவான பாட்டுக்கு ஆகாது. தட்டித் தட்டிக் கெடுத்தது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் மோட்டாருக்கும் மிக்சிக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். கிட்டாரைத் திறந்தவருக்கு, பிக்கப்புக்குள்ளும் காயில்தான் என்று கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பேச்சற்றுப்போன பிக்கப்பின் ஒயரைக் கழற்றி, பேட்டரியும் குட்டி பல்பும் வைத்துச் சோதித்தார். மோட்டார் காயில் நன்றாக இருந்தால் பல்பு எரியும். இது எரியவில்லை. தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி, பல்பு எரியும் அளவுக்குக் கரண்டை விடாது என்பதை நான் பாலிடெக்னிக்கில்தான் படித்தேன்.

"காயில் பூட்ச்சு. அவுத்துட்டு வேற கட்டணும். ஒரு வாரம் ஆவும்," என்றார் அப்பா.

"மிக்சிக்காரரு கையில குடுத்தா இனிமே அதுல சட்னிதான் அரைக்கலாம்," என்றாள் அம்மா.

அக்கா மட்டும் பதறவில்லை. "பரவால்லப்பா, பொறுமையா கட்டு. நான் சர்ச்ல சொல்லிடறேன்," என்றாள். என்ன பெரிய மனசு என்று எனக்கு அழுகை வந்தது.

அப்பா பிளேடை எடுத்து, காயில் மேல் சுற்றியிருந்த டேப்பில் வைத்தார்.

"அப்பா, வெட்டாத! நடுவுல வெச்சா அது கேக்குது!" என்று கத்தினேன்.

"உனுக்கு எப்பிட்றா தெரியும்?"

ஸ்பூன் கதை முழுவதையும், அக்கா சொன்ன பிறகு தட்டிப் பார்த்தபோது மேலே பேசாத பிக்கப் நடுவில் பேசியதையும் சொன்னேன். அப்பா பிளேடைக் கீழே வைத்தார். ஒயரைத் திரும்ப மாட்டி, சுவிட்சை நடுவில் தள்ளி, ஸ்பூனை என் கையிலேயே கொடுத்தார். அந்தப் பிக்கப்பையே தட்டினேன். டொக்.

அப்பா தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "காயில் உசுரோடதான் கீது. சுவிட்சுதான்டா பேஜார் பண்ணுது." சுவிட்சின் தகடுகள் கறுத்திருந்தன. ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தார். மேலே தள்ளியதும் பழைய குழைவான சத்தம் வந்துவிட்டது. தூசுதான், யார் மேலும் தப்பில்லை என்றார். பையன் எப்படிக் கவனித்திருக்கிறான் பார் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னை யாருடா கேட்டா?" என்றாள். கிட்டாரைத் தொட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தாள். முதல் வரியிலேயே இரண்டு முறை விரல் தவறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் முறை ஆரம்பித்து எப்படியோ முடித்தாள். உதடு வெளுத்திருந்தது.

நடுவில் வைத்தால் கேட்கும் என்று திருட்டுத்தனமாகத் தட்டிய எனக்கே தெரிந்தது, தினமும் வாசித்த அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, அக்காவைக் காப்பாற்றியதே நான்தான் என்று பக்கத்துப் பையனின் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.