நாலு மணிக்குச் செத்துப்போகும் பெட்டி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதக் காலையில் இது தொடங்கியது. கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது; அதற்குப் பின்னால்தான் வீடு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதோடு கூச்ச சுபாவம். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் அதிகம் பேச வேண்டியதில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்ற நாலு வார்த்தையை வைத்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருந்தேன்.

அன்று கடையைத் திறக்கும்போதே ஒருவர் வந்து நின்றார். அவருடைய அம்மா விடியற்காலை இறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், ஒரு மணி நேரத்துக்குள் சந்திப்பில் பிளெக்ஸ் வைத்துவிடுவார்கள். படம், பெயர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படத்துக்காக முதலில் ஓடி வருவது ஸ்டுடியோவுக்குத்தான். ஏதாவது ஒரு கல்யாணத்திலோ, புது வீட்டுப் பால்காய்ச்சிலோ நாங்கள் எடுத்த படம் ஒன்று இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

என்னிடம் இருந்தது. பேத்தியின் கல்யாணத்தில் அந்த அம்மாவைத் தனியாக எடுத்திருந்தேன். யாரோ என்னமோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்த படம். எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றுகூட நினைவிருந்தது. எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிக், டிக் என்று சத்தம் வந்ததே தவிர டிஸ்க் திறக்கவில்லை. மறுபடி மாட்டினேன். வயரை மாற்றினேன். அந்த மகன் பத்து நிமிடம் பொறுமையாக நின்றார். பிறகு, "பரவாயில்ல அண்ணா, ரேஷன் கார்டில ஒரு போட்டோ உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படம்தான் பிளெக்ஸில் வந்தது. கண் பாதி மூடி, முகம் சாம்பல் நிறத்தில், யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல. பதினாறாம் நாள் வரை அது என் கடைக்கு நேர் எதிரே நின்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தலையைத் தூக்கினாலும் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னும் பத்து டிஸ்க் என் அலமாரியில் கிடந்தன. எல்லாம் ஏறக்குறைய அதே வயது. கேரளத்துப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமுமாகச் சுற்று வட்டாரத்து முகங்கள் முழுக்க அதற்குள் இருந்தன. இனி ஒரு வீட்டுக்காரரிடமும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

போனில் தமிழ் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எந்நேரமும் ஓடுகிற ஒரு பெட்டி வேண்டும். அதற்குள் இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் எழுதுவதை அதே நேரத்தில் மற்றதிலும் எழுதும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் வயர் வழியாக அதைத் திறந்து பார்க்கலாம்.

வாங்குவதற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். டை கட்டிய பையன் ஆங்கிலமும் மலையாளமும் கலந்து கேள்வி கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவன் பில் போடப் போனபோதுதான் பயம் வந்தது. போன் வருகிறது என்று பாவனை செய்து காதில் வைத்துக்கொண்டு, படியிறங்கி, அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில், ஒரு மாடியில் இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் முப்பது வயதுக்குள் ஒரு பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். என் மலையாளத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, எங்கள் பக்கத்துத் தமிழுக்கு மாறினார். அவர் வீடு குளத்தூர் பக்கம்.

நான் வீடியோவில் கேட்ட பெயர்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணனுக்கு பேரு ஒண்ணும் தெரிய வேண்டாம். ஒரு நாளைக்கு என்ன வேல செய்யிதீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதை என்னால் சொல்ல முடிந்தது. மாதம் எத்தனை கல்யாணம், ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு படம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறப்பார்கள், அறையில் வெயில் எந்தச் சுவரில் அடிக்கும் என்றெல்லாம் கேட்டார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றார். இன்வெர்ட்டர் உண்டு என்றேன். அப்படியானால் அதற்கென்று தனி பேட்டரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். வேகம் எனக்கு வேண்டாம், ஆயுள்தான் வேண்டும் என்றார். அதனால் புதுப் பளபளப்பு ஒன்றும் வாங்கவில்லை. ஒரு ஆபீஸில் ஓட்டிக் கழித்த பெட்டி. அதில் இருக்கும் மெமரி, தான் செய்த பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளுமாம். பெட்டி பழையதாக இருக்கலாம், டிஸ்க் மட்டும் பழையது கூடவே கூடாது என்றார். சும்மா படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கும் வேண்டாம், ராப்பகல் ஓடுவதற்கென்றே செய்ததுதான் வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே கடையில் வாங்க விடவில்லை. ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்தவை ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும் என்று, ஒன்றை நெய்யாற்றின்கரையிலும் ஒன்றைத் திருவனந்தபுரத்திலும் வாங்க வைத்தார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "ரெண்டு டிஸ்க் உண்டேன்னு நிம்மதியா உறங்கப்பிடாது. ஒரு இடி விழுந்தா ரெண்டும் சேந்து போவும். மூணாவது காப்பி வேற வீட்டில இருக்கணும்."

எல்லாப் படமும் ஏறி முடிந்த பிறகு மூன்றாவது காப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன். இடியை மட்டும் மனதில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு டிஸ்க்கைப் பெட்டிக்குள் ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆனது. ஐப்பசி பிறப்பதற்குள் ஆறு டிஸ்க் ஏறிவிட்டன. அதில் மூன்றாவது டிஸ்க், ஏற்றி முடித்த மறுவாரமே செத்துப்போனது. தப்பித்தேன் என்று சாமியைக் கும்பிட்டேன்.

ஐப்பசியை எங்கள் பக்கம் துலாம் மாதம் என்போம். காலையில் நல்ல வெயில் அடிக்கும். சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்து, இடி தொடங்கிவிடும். முதல் இடி கேட்டதும் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் செய்கிற காரியம், பிளக்கைப் பிடுங்குவது. டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, கேபிள் வயர் எல்லாம் சுவரிலிருந்து வெளியே வந்துவிடும். அதைச் செய்ய யாரும் யோசிப்பதில்லை, கை தானாகப் போகும். என் கை முதலில் போனது என் பெட்டிக்கு. நெட்வொர்க் வயரைக்கூட விடாமல் கழற்றினேன். இடி நின்றதும் மறுபடி மாட்டுவேன். இவ்வளவு கவனமாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. மற்ற டிஸ்க்குகளின் அசல் அலமாரியில் இருந்தது. மூன்றாவது டிஸ்க்குக்கு மட்டும் வேறு வழியே இல்லை. அதில் ஐந்து வருடத்துப் படங்கள். அந்த ஐந்து வருடத்தில் நான் நுழையாத வீடு இந்தச் சுற்றில் குறைவு.

எனக்குக் கோபம் வராது என்பார்கள். அன்று வந்தது. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். கடைக்குப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. அங்கே தன் பிரிண்டரைச் சரி செய்யக் கொண்டுவந்த ஒரு பெரியவரும், வேறு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் குரலை உயர்த்தினேன்.

"ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சு கெட்ட டிஸ்க்க என் தலையில கெட்டிட்டீங்க."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஆனாலும் பதிலுக்குக் கத்தவில்லை. "அண்ணன் மொதல்ல இருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, பெட்டியைத் தன் மேசையில் வைத்து ஓட விட்டார். பெட்டி தனக்கு நடந்ததை எல்லாம் நேரத்தோடு குறித்து வைக்குமாம். அதைப் படித்துக்கொண்டே போனவர் புருவத்தைச் சுருக்கினார்.

"டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்ல. ரெண்டு வாரமாட்டு, தினமும் நாலு, நாலரைக்கு இது சட்டுனு சாவுது. எழுதிட்டு இருக்கும்போதே சாவுது. நாலு மணிக்கு உங்க வீட்டில என்னவாக்கும் நடக்குது?"

ஒன்றுமில்லை என்றேன். டீ குடிப்போம் என்றேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் வெளியே இடித்தது. பக்கத்தில்தான். நான் எழுந்தேன், இரண்டு எட்டு வைத்தேன், சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். மேசையில் என் பெட்டியும், அதன் பக்கத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு கம்ப்யூட்டரும் ஒரேயடியாக அணைந்தன.

பிளக் என் கையில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன்.

அந்தப் பெண் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "கள்ளன் அகப்பட்டாச்சு" என்றார்.

பிரிண்டர் பெரியவர் எழுந்து வந்து தன் பிரிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். "மக்கா, இந்த ஆளு அடுத்த பிளக்க பிடுங்குவதுக்குள்ள எனக்க சாதனத்த சரியாக்கித் தா. இல்லேன்னா இதுக்கும் அடியந்திரம் செய்யணும்." கடையே சிரித்தது. செத்தவருக்குச் செய்யும் சடங்கைத்தான் எங்கள் பக்கம் அடியந்திரம் என்போம். எனக்குத் தரைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே சொன்னார்: "கரண்ட் போனா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். இடி வந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கல்ல. அது எனக்க தப்பு. எங்க வீட்டிலயும் அம்மை இதத்தான் செய்யுவா. ஆனா தெனமும் நாலு மணிக்கு என்ன செய்யிதீங்கன்னு நீங்க யோசிக்கல்ல பாருங்க, அது உங்க தப்பு."

பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஐந்து நாள் கழித்துப் போன் வந்தது. மூன்றாவது டிஸ்க்கின் படங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் எந்த வீடு, எந்தக் கல்யாணம் என்று நான் போட்டு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் போய்விட்டன. பத்தொன்பதாயிரம் படங்கள், வெறும் எண்களோடு, சீட்டுக்கட்டைக் குலைத்ததுபோல ஒன்றோடொன்று கலந்து வந்தன.

இப்போது என் பெட்டிக்கு யு.பி.எஸ். பேட்டரி இருக்கிறது. இடி கேட்டால் முதலில் ஒரு பட்டனை அழுத்தி, அது முழுதாக அணையும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் பிளக்கைத் தொடுவேன். மூன்றாவது காப்பி பாலராமபுரத்தில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை நானே பஸ்ஸில் கொண்டுபோய் மாற்றி வைக்கிறேன். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்த வேலை.

பெயர்கள்தான் முடியவில்லை. என் லென்ஸுக்குள் வந்த முகங்கள் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. யாரிடமும் கேட்டதே இல்லையே. பெயரில்லாத படத்தை, ஒரு வீட்டுக்காரர் அவசரத்தில் வந்து நிற்கும்போது எப்படித் தேடி எடுப்பது? அதனால் படங்களைப் போனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

முதல் வீட்டு கேட் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண், "யாராக்கும் அங்க, கரண்ட் மீட்டர் பாக்கவா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. என் தப்பால் பெயர்கள் போய்விட்டன, இவர்கள் யாரென்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான். போன் என் கைக்குத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அடுக்களையிலிருந்து ஆள் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. இவர் பெரியப்பா, இவள் அன்றைக்குப் பிணங்கிக்கொண்டு சாப்பிடாமல் போன அத்தை, இது யார் இவ்வளவு மெலிந்து, அட, இது நான்தானே என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் போனேன். எட்டு மாதம் ஆனது. சில முகங்களுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சர்வீஸ் கடைப் பெண்ணிடம் கடைசியில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காததுபோல ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, புதிதாக ஏதாவது உடைத்தீர்களா என்று கேட்டார்.

புரியாததற்கும் தலையாட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டவன் நான்; ஆனால் 'எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்' என்று நான் வாய் திறந்து கேட்டு நின்ற ஒரு வீடுகூட என்னை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை என்பதை நினைக்கும்போது, அந்தப் பிளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நின்ற அந்த நிமிடத்துக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.