ஒரு சீப்பாவது எடுத்துக்குங்க

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்து முற்பகலில், திம்பம் மலை வளைவுகளைத் தாண்டி ஆசனூர் போகும் காட்டுச் சாலையில் நடந்தது இது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்து, நானும் என் கணவரும் காரில் கிளம்பிய முதல் பெரிய பயணம். அதற்கு முன்னால் நாங்கள் இருவருமாகக் காரில் போன அதிகபட்ச தூரம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கொடுமுடி வரைக்கும்தான். அதாவது புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு. அதைப் பயணம் என்று சொன்னால் டவுன் பஸ் கூடச் சிரிக்கும்.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை கூடப் பட்டறைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிற ஆள். அவரோடு படித்த நண்பர் ஒருவர் குடகில் இருக்கிறார். "குடும்பத்தோடு வா, வா" என்று அவர் பல தடவை கூப்பிட்டு, நான் பல தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழியாக என் கணவர் நாள் குறித்தார். நான் கோயம்புத்தூர் வெயிலில் நின்று ஸ்வெட்டர் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் வெறுங்கையோடு போகிற பழக்கம் கிடையாது. கிளம்புகிற அன்று விடியற்காலை என் மாமியார் தோட்டத்திலிருந்து ஒரு கதளி வாழைத்தார் இறக்கி வைத்திருந்தார். நன்றாக முற்றி, மேல் சீப்பு பழுக்க ஆரம்பித்த தார். இத்தனை தூரம் இதை எதற்குத் தூக்கிக்கொண்டு போவது என்று நான் முனகியதும், "ஏங் கண்ணு, தங்கப் போற ஊட்டுக்குக் கைய வீசிக்கிட்டா போவாங்க? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார். என் அம்மா மட்டும் சும்மா இருப்பாரா? கொடுமுடியிலிருந்து முந்தின நாளே ஒரு மூட்டை உருண்டை வெல்லம் வந்து இறங்கியிருந்தது. சம்பந்திகள் இருவரும் போட்டி போட்டதில் கார் டிக்கி நிறைந்துவிட்டது. எங்கள் துணிப்பையைப் பின் சீட்டில்தான் வைத்தோம்.

பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினோம். வழியெல்லாம் பலகைகள். யானைகள் நடமாடும் பகுதி, வண்டியை நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் "ஒண்ணாவது வந்து தொலைச்சா போட்டோ எடுக்கலாம்" என்று சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலைப் புரட்ட ஆரம்பித்தது. சமவெளியில் நேராகப் போயே பழகின உடம்பு. போதாததற்கு வெயிலில் டிக்கிக்குள் கிடந்த தார் பழுத்து, பழ வாசமும் வெல்ல வாசமும் கலந்து காரையே நிறைத்துவிட்டது. திம்பம் தாண்டிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் என்னால் முடியவில்லை. நிறுத்தச் சொல்லி அவர் தோளைத் தட்டினேன். நிறுத்தினார். இறங்கி ரோட்டோரத்தில் வாந்தியெடுத்தேன். தண்ணீர் பாட்டில் தாருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்ததால், அவர் டிக்கியைத் திறந்து தாரை வெளியே இழுத்து ரோட்டில் வைத்துவிட்டு பாட்டிலை எடுத்தார்.

அப்போதுதான் எதிரே பைக்கில் ஒருவர் வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஏதோ விசேஷத்துக்குப் போகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. எங்களைக் கடந்து போனவர், திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தாமல் நின்றார். "அண்ணா, இங்க நிக்காதீங்க. அக்காவ வண்டியில ஏத்துங்க, மொதல்ல கெளம்புங்க" என்றார். கன்னட வாடை கலந்த தாளவாடிப் பக்கத்துத் தமிழ். ரோட்டிலிருந்த தாரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அய்யோ, இத எதுக்குங்க இந்த வழியில கொண்டாந்தீங்க?"

அந்த நிமிடத்தில் நாங்கள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். தாரை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறியிருக்க வேண்டும். என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? முன்பின் தெரியாத ஒருவர் நமக்காக வண்டியை நிறுத்தி நல்லது சொல்கிறாரே, அவரைச் சும்மா அனுப்புவதா என்று குனிந்து, தாரிலிருந்து நன்றாகப் பழுத்த சீப்பு ஒன்றைத் திருகி எடுத்து நீட்டினார்.

"வேண்டாங்க, நீங்க கெளம்புங்க" என்றார் அவர்.

"அட, ஒரு சீப்பாவது எடுத்துக்குங்க. நம்ம தோட்டத்துப் பழம்."

"வேண்டாங்கண்ணா."

எங்கள் ஊரில் 'வேண்டாங்க' என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னும் இரண்டு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன்; முதல் தடவையோடு விட்டுவிடுகிறவன் மரியாதை தெரியாதவன். நானும் வாயைக் கொப்பளித்துவிட்டு என் பங்குக்கு, "கொழந்தைகளுக்குக் குடுங்க" என்றேன். வாங்கினால்தான் இவர்கள் இடத்தைக் காலி செய்வார்கள் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வாங்கி, பைக்கின் முன்னால் மாட்டியிருந்த பையில் வைக்கக் குனிந்தார்.

யானை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய உருவம் வரும்போது சத்தம் கேட்கும், மரம் முறியும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. உண்ணிச்செடிப் புதர் இருந்த இடத்தில் அது நின்றது, அவ்வளவுதான். தனியாக வந்த ஆண் யானை. என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் தள்ளித் தானும் விழுந்து கதவைச் சாத்தினார். எங்களுக்குக் கார் இருந்தது. அவருக்குப் பைக்தான் இருந்தது. பையில் எங்கள் பழம் இருந்தது.

பைக்கைக் கிளப்பித் திருப்புவதற்குள் யானை அதைத் தள்ளியது. கோபமாகக் கூட இல்லை, வழியில் கிடக்கிற கட்டிலை ஒதுக்குவது போலத்தான் தள்ளியது. பைக் அவர் மேல் விழுந்தது. கிழிந்த பையிலிருந்து பழத்தை எடுக்க அது ஒரு அடி முன்னால் வைத்தது. அந்தக் கால் எங்கே பட்டது என்பதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் போட்ட சத்தத்தை எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு யானை எங்களிடம் வந்தது. தாரைத் தின்றது. திறந்திருந்த டிக்கிக்குள் தும்பிக்கையை விட்டு வெல்ல மூட்டையை இழுத்தது. கார் தொட்டில் மாதிரி ஆடியது. பின் கண்ணாடி உடைந்து எங்கள் தலையிலெல்லாம் விழுந்தது. என் கணவர் என்னைக் கீழே அமுக்கி என் மேல் கவிழ்ந்துகொண்டார். அது மென்று தின்கிற சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த மனிதர் கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து ரோட்டோரப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். ஒரு கால் மட்டும் கூட வரவில்லை, பின்னால் இழுபட்டது. போய் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, என் உடம்பு அசையவில்லை.

ஆசனூர் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து, விடாமல் ஹாரன் அடித்த பிறகுதான் யானை விலகிக் காட்டுக்குள் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி அவரைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எங்கள் காரிலேயே, உடைந்த கண்ணாடியைத் துடைத்துத் தள்ளிவிட்டுப் பின் சீட்டில் கிடத்தினார்கள். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காலில் யாரோ ஒருவருடைய துண்டு. என் புது ஸ்வெட்டரையும் வைத்து அழுத்திக் கட்டினோம். அது முதல் வளைவு வருவதற்குள் நனைந்துவிட்டது.

ஏறும்போது குடலைப் புரட்டிய அதே வளைவுகளில் இறங்கினோம். எனக்கு வாந்தி வரவில்லை. உயிரோடு கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. பண்ணாரி அம்மா, பண்ணாரி அம்மா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் அவர் கண்ணைத் திறந்து, "ஏனுங்கக்கா, உங்க சீட்டெல்லாம் ரத்தமாகுதுங்க" என்றார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் தோள் குலுங்குவது தெரிந்தது.

என் மடியில் கிடந்தவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. சத்தியமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மனைவியும் குழந்தையும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்களாம். "எடுங்கக்கா. பைக்குல வழுக்கி உழுந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எடுத்தேன். "எங்க இருக்கறீங்க, எல்லாரும் கேக்கறாங்க" என்றது ஒரு பெண் குரல். நான் 'ஹலோ' என்றதும் அந்தக் குரல் மாறி, "யாருங்க நீங்க?" என்றது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

உயிர் பிழைத்துவிட்டார். சத்தியமங்கலத்தில் முதலுதவி செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நாட்களில் எங்கள் இரண்டு வீட்டாரும் எங்களால் ஆனதைச் செய்தோம். அதை இங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வார்டு வாசலில் அவர் மனைவி எங்களைத் தாண்டிப் போவார், வருவார். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மாமியார் சோறு கட்டிக்கொண்டு போய் நின்றபோது கூட வாங்கிக்கொள்ளவில்லை. மாமியார் அன்றைக்கு மறுபடி வற்புறுத்தவும் இல்லை. சோறு இருந்த தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதர் வீடு திரும்பிய பிறகு, ஆடி மாதம் நாங்கள் தாளவாடிக்குப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். கிளம்பும்போது வீட்டில் யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அவர் முட்டைக்கோஸ் போட்டிருந்த நிலம் களை மண்டிக் கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், பழக்க தோஷம். பட்டறை எப்படிப் போகிறது, மழை உண்டா என்றெல்லாம் அவர்தான் கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவரு வேண்டாங்கன்னுதானுங்களே சொல்லியிருப்பாரு?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம் உட்டிருக்கலாமில்லீங்க?"

கத்தவில்லை, அழவில்லை. 'ங்க'வைக் கூட விடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

கிளம்பி வாசலுக்கு வந்தபோது அவர் மனைவி உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். ராகி. நான்கைந்து படி இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினார். அது மன்னிப்பு இல்லை. அவர் முகத்தில் அப்படி எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அங்கேயும் இல்லை, அவ்வளவுதான். 'வேண்டாங்க' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ராகியைக் களி கிண்டி வைத்தேன். இரண்டு பேராலும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை தாளவாடி போய் வருகிறோம். அவர் இப்போது வீட்டு முன்னாலேயே ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி இன்றுவரை என்னிடம் சிரித்ததில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது 'வேண்டாங்க' என்று சொன்னால், நான் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். உபசரிக்கத் தெரியாத மருமகள் என்று சொந்தத்தில் பேர் வாங்கியாயிற்று. பேசுகிறவர்கள் பேசட்டும், அந்த மனிதர் எஞ்சினை நிறுத்தாமல் முதலில் சொன்ன 'வேண்டாங்க' இருக்கிறதே, அது அவர்கள் காதில் கேட்பதில்லை, என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.