கொட்டகையில் நின்ற கார்

"அந்தக் காயிதத்துல நெசமாலுமே அப்பிடித்தான் போட்டிருக்குதா அம்மிணி? இல்ல, சைக்கிள் ஓட்டோணும்னு நீயே சேத்திப் படிக்கறயா?"

அப்பா இதைக் கேட்டபோது அவர் கையில் இருந்தது எங்கள் காரின் இன்சூரன்ஸ் பத்திரம். கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். ஆகவே நான் படித்தது சரியா என்று பார்க்க அப்பாவுக்கு வழியில்லை. பொய் சொல்லவில்லை என்று காட்ட எனக்கும் வழியில்லை.

பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது இதுதான்: முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, தொடர்ந்து இரண்டு மாதம் காரை ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தினால், அந்தக் காலத்துக்குக் கட்டியதில் ஒரு பங்கை அடுத்த வருடம் கழித்துக்கொள்வார்கள்.

பெட்ரோல் விலை ஏறியிருந்த சமயம் அது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சித்தப்பா காலையில் காரில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவருவார். வேறு வேலைக்கெல்லாம் மாட்டுவண்டி இருந்தது. நான் சைக்கிளில் போனால் காரை நிறுத்திவிடலாம் என்றேன். சைக்கிள் மேல் ஆசை இருந்தது உண்மை. ஆனால் ஒரு சொல்கூடச் சேர்த்துப் படிக்கவில்லை.

"ரண்டு மாசம் பாக்கறேன்," என்றார் அப்பா. "கழிச்சாங்கன்னா சைக்கிள்லயே போ. இல்லீன்னா மறுக்கா காருதான். அதுக்கப்பறம் காயிதமெல்லாம் வெளியாளுங்ககிட்டக் குடுத்துப் படிச்சுக்கறேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் சுட்டது.

கடிதத்தை நானே எழுதித் தபாலில் போட்டுவிட்டு, மறுநாளே சைக்கிளில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். அன்றிலிருந்து யாரையும் நம்பவில்லை, முக்கியமாகச் சித்தப்பாவை. என்னைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு அவர் காரோடு பொள்ளாச்சிக்குப் போய் வருவது எனக்குத் தெரியும். கார் நின்றால் நஷ்டம் அவருக்கு. அதனால் காரின் கிலோமீட்டர் எண்ணைப் பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். டயரும் தரையும் சேரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கொட்டகைக் கதவின் குறுக்கே, முழங்காலுக்குக் கீழே, ஒரு கறுப்பு நூல் கட்டினேன்.

"டீச்சரம்மா, காருக்கு அட்டென்டன்ஸ் எடுத்தாச்சுங்களா?" என்று சித்தப்பா தினமும் கிண்டல் செய்வார். ஒரு நாள் நூல் அறுந்திருந்தது. எண் மாறவில்லை, கோடும் நகரவில்லை. இருந்தும் அன்று முழுக்க அவர் செருப்பில் ஒட்டியிருப்பது எந்தப் புழுதி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் முடிந்ததும் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஆள் அனுப்பி விசாரித்ததில் வண்டி தினமும் ஓடுவதாகத் தெரிகிறது, ஆகவே எதுவும் கழிக்க இயலாது. அதை நான் மாற்றிப் படித்திருந்தால் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உள்ளதை அப்படியே படித்தேன்.

"இதையாச்சும் சேத்தாமப் படிச்சயா?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து போனார்.

நான் நேராகச் சித்தப்பாவிடம் போனேன். "நெசத்தச் சொல்லுங்க சித்தப்பா. எப்ப எடுத்தீங்க?"

"உன்ற நூலு, உன்ற சாக்பீசு, உன்ற நம்பரு. அத்தனையும் தாண்டி எடுக்க நானென்ன மந்திரவாதியா? போயி சாவியப் போட்டுப் பாரு. பேட்டரியே செத்துக் கெடக்குது."

போட்டுப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில், எங்கள் வீதி முக்கில் இருந்த டீக்கடையில் நின்று, யாராவது வந்து விசாரித்தார்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர், ஒரு மலையாளத்தார் வந்தாருங்க," என்றார் கடைக்காரர். "அந்த ஊட்டு வண்டி ஓடுதான்னு கேட்டாரு. தெனமும் ஓடுதுங்க, காத்தால எட்டரைக்குப் போனா சாயங்காலம் நாலரைக்குத் திரும்பீரும், ஒரு நாள் தப்பாதுன்னு சொன்னனுங்க."

"எந்த வண்டிங்க?"

"இதா, நீங்க புடிச்சுட்டு நிக்கறீங்களே, இதுதானுங்க. இந்த ரோட்டுல பொம்பளப்புள்ள ஓட்டற வண்டி வேற ஏதுங்க?"

எங்கள் பக்கம் மாடு பூட்டினாலும் வண்டிதான், காலால் மிதித்தாலும் வண்டிதான். வந்தவருக்கு வண்டி என்றால் கார். இதையும் சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கடைக்காரர் முகத்தில் இருந்த பெருமையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அவர் சொன்னதைப் பாட நோட்டின் தாளைக் கிழித்து அங்கேயே எழுதினேன். வண்டி என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை. காரைக் கார் என்றும் சைக்கிளைச் சைக்கிள் என்றும் எழுதி, வாசித்துக் காட்டினேன்.

"கையெழுத்துப் போட்டா போலீசு ஏதும் வராதுங்களே?"

"வராதுங்க."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்து அப்பா பார்த்தபோது கொட்டகையில் கார் நின்றது, நூல் அறுபடாமல் இருந்தது, சைக்கிளைக் காணவில்லை. கடைக்காரரின் தாளையும் காரின் எண் குறித்த நோட்டையும் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, பாலக்காட்டு ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர, நான் அதற்குள் பாதி தூரம் மிதித்திருந்தேன்.