செக்கிங்கும் பெட்ரோல் டேப்பும்

பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுகிறார். தலையைச் சாய்த்து டாங்கின்மேல் காதை வைக்கிறார். உள்ளே பெட்ரோல் தளும்புகிறது. மறுபடி ஆட்டுகிறார். மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார். "போட்டிருக்கான். ஆனா முழுசாப் போடல" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தால், மாடிப்படியில் நிற்கிற என்னிடம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர் அவர். பெரிய கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து, பில்லையும் சாமானையும் ஒப்பிட்டு, பில்லில் ஓர் ஓட்டை போட்டு அனுப்புவது வேலை. கடையில் உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'செக்கிங்'. அந்தப் பெயர் அவர் பின்னாலேயே எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "மூஞ்சியப் பாக்கக் கூடாது சார், பையத்தான் பாக்கணும். மூஞ்சி சிரிக்கும். பை சிரிக்காது" என்று தன் தொழில் ரகசியத்தை ஒருமுறை எனக்குச் சொன்னார்.

வீட்டிலும் அதே கண்தான். பூட்டைப் பூட்டிவிட்டு அதில் தொங்கிப் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பல்ப் வாங்கினால் கடைக்காரரின் காதருகே குலுக்குவார். என்னிடம் செய்தித்தாள் இரவல் வாங்கிப் போனால், திருப்பித் தரும்போது என் கண்முன்னே பக்கங்களை எண்ணிக் காட்டுவார். "நீங்களும் எண்ணிக்கோங்க சார். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது." சந்தேகம் என்று வந்துவிட்டால் தன்னையும் விட்டுவைக்காத நேர்மை அவருடையது. அதனால்தான் அவர்மேல் எனக்கு வருகிற கோபம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

அவர் நம்பிய ஒரே ஜீவன் அந்த மோட்டார்சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. லீவு நாளில், இன்ஜினுக்குப் பெட்ரோல் விடுகிற அதன் கார்புரேட்டரைக் கழற்றி, பழைய துணியின்மேல் பரப்பி, ஊசி முனை மாதிரி ஓட்டைகளை வெயிலில் தூக்கிப் பார்த்து ஊதுவார். பெட்ரோல் குறைவாகக் குடிக்கட்டும் என்று அதன் ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருகிவைப்பார். வண்டியும் துளித்துளியாக இருமும்.

சிக்கல் காலை நேரத்தில்தான். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. வெறும் வயிற்றோடு நோயாளிகள் வரிசையில் வந்து உட்காருவதற்குள் அவர் அங்கே இருக்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் இவர் உதைப்பார், உதைப்பார், சோக்கை இழுப்பார், மறுபடி உதைப்பார். மனைவி சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஒருவழியாக வண்டி கிளம்பும்போது அவருடைய வெள்ளைக் கோட்டு முழுக்கப் பெட்ரோல் வாடை.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் யோசனை சொன்னது மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற சின்னக் கடை அவனுடையது. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

"மாமா, கார்புரேட்டரைக் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுடலாம். குளிருக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவுன்னு அதுவே பாத்துப் பெட்ரோல் விடும். ஒரே உதைதான்."

"யாரு பாத்து விடுவா?"

"ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி மாமா. சீட்டுக்கு அடியில உக்காந்துக்கும்."

"அதை யாரு பாத்துக்குவா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மாடிப்படியைப் பார்த்தேன். கடைசியில் மனைவி சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் செக்கிங் தலையாட்டினார். "எனக்காகங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

வேலை எங்கள் கட்டடத்து வாசலிலேயே நடந்தது. தம்பி குனிந்து வேலை செய்ய, செக்கிங் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் அந்தப் பெட்டியும், விபத்தில் நொறுங்கிய புது மாடல் வண்டியிலிருந்து எடுத்தவை. பம்ப் மட்டும் புத்தம்புதுசு. அட்டைப் பெட்டியின் ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, பம்ப்பை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். சைலன்சரில் ஒரு சென்சார் வைக்கத் துளை போட்டபோது, தன் காதில் துளை போடுகிற மாதிரி முகத்தைச் சுளித்தார்.

தம்பி பொறுமையாக விளக்கினான். "டாங்க்ல இருந்து பெட்ரோல் டேப் வழியா பம்ப்புக்கு வரும் மாமா. பம்ப் அழுத்தமா அனுப்பும். இன்ஜின் வேணுங்கிறதை எடுத்துக்கும். மிச்சம் இந்த டியூப்ல திரும்ப டாங்க்குக்கே போயிடும்."

"மிச்சம் திரும்ப வருதா?"

"வரும் மாமா."

"வருதுன்னு யாரு பாத்தா?"

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. மனைவி கைதட்டிவிட்டு, கைதட்டியதற்காக வெட்கப்பட்டார். போகும்போது தம்பி, டாங்கின் அடியில் இருந்த, பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பின் சின்னக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினான். "இது எப்பவும் நேராக் கீழப் பாத்து, முழுசாத் திறந்தே இருக்கணும் மாமா. இதுல மட்டும் கை வெக்காதீங்க."

அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். "இத்தனை பார்ட்டு இருக்கு. இதுல மட்டும் கை வெக்காதேங்கறான். ஏன் சார்?" என்று அன்று முழுக்க அரித்துக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் குனிந்து, டாங்கின் அடியில் கையைவிட்டு எதையோ திருப்புவதை நான் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாதிதான் திறந்து வெச்சிருக்கேன். முழுசாத் திறந்தா முழுசாக் குடிச்சிடும் சார். போறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல எவ்வளவு காணாமப் போகுதோ, யாரு கண்டா?"

எனக்கு வண்டி சமாச்சாரம் தெரியாது. நியாயமாகத்தான் பட்டது.

தெருவில் வண்டி ஒழுங்காக ஓடியது. பாலத்தில் ஏறும்போதுதான் தகராறு. பாதி ஏற்றத்தில் பம்ப் 'கர்ர்' என்று உறுமும், வண்டி மூச்சடங்கி நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொஞ்சம் பொறுத்தால் மறுபடி கிளம்பும். மனைவி லேபுக்குப் போய்ச் சேரும்போது வரிசை வாசல்வரை நிற்கும். பங்க்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று செக்கிங் பங்க்கை மாற்றினார். பெட்டிக்குள் எறும்பு என்றார். பாலம் கட்டியதிலேயே கோளாறு என்றுகூட ஒருநாள் சொன்னார். சந்தேகப்படாத இடம் அவருடைய வலது கை ஒன்றுதான்.

பிறகு அந்த உறுமலில் அவருக்கு ஒரு துப்பு கிடைத்தது. "புதுப் பம்ப் இப்படியா சார் கத்தும்? இது எங்கேயோ ஓடித் தேஞ்ச பம்ப். அன்னிக்கு நான் கண் அசந்த நேரத்துல மாத்திட்டான்."

வண்டியைப் பார்க்க வந்த தம்பி, பம்ப்பைக் கையால் தொட்டு "ஏன் இப்படிச் சுடுது?" என்று யோசித்தான். அப்போது டேப் முழுசாகத் திறந்திருந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டதும் செக்கிங் அதை நேராகத் திருப்பிவிட்டிருந்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் செக்கிங் குறுக்கே நின்றார்.

"மாப்ளே, பையக் கொஞ்சம் திற."

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்தான்.

"திறயேன். புதுப் பம்ப் உள்ள இருக்கான்னு பாத்துட்டு விட்டுடறேன். மனசுல வெச்சுக்காத."

மனைவி கையில் தம்ளரோடு உள்ளே இருந்து வந்தவர், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். தம்பி பையைக் கீழே வைத்து, ஜிப்பை இழுத்துத் திறந்து, ஒதுங்கி நின்றான். செக்கிங் ஸ்பேனர்களை விலக்கி விலக்கி அடிவரை பார்த்தார். ஒன்றுமில்லை. "சரி, போலாம்" என்றார், கடையில் சொல்கிற அதே குரலில். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது எனக்கே. அதன்பின் தம்பி வரவில்லை.

"உன் தம்பி ஏன் வர்றதில்ல?" என்று சில நாள் கழித்து இவரே கேட்டதுதான் கொடுமை.

"பையத் திறக்கச் சொன்ன வாசலுக்கு அவன் எப்படிங்க வருவான்?" என்றார் மனைவி. காலையில் வண்டியின் பின்னால் உட்காரும்போது, எப்போதும் இவருடைய தோளைப் பிடிக்கிற கை பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

கடையில் சரக்கு எண்ணுகிற நாள் வந்தது. விடியும் முன்பே வேன் வந்து செக்கிங்கை அழைத்துப் போய்விட, மனைவி தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் விசாரணை நடந்தது.

"எந்த வழியாப் போன?"

"பாலத்து வழியாத்தான்."

"எங்க நின்னுச்சு?"

"நிக்கல."

"நிக்காம எப்படிப் போகும்?"

"டேப்பு சாஞ்சு கிடந்துச்சு. நேராத் திருப்பிட்டுப் போனேன். தம்பி சொல்லிட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருந்துச்சு." மனைவி சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செக்கிங் நம்பவில்லை. "சார், பின்னாடி உக்காருங்க. வெயிட்டும் ஆச்சு, சாட்சியும் ஆச்சு" என்று என்னை ஏற்றிக்கொண்டார். டேப்பை முழுசாகத் திறந்து பாலம் ஏறினோம். வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறி இறங்கியது. வட்டமடித்து வந்து, டேப்பைப் பாதி மூடி ஏறினோம். பாதி ஏற்றத்தில் உறுமல், நின்றது. மறுபடி முழுசு, ஏறியது. மறுபடி பாதி, நின்றது. லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி இல்லாத குழாய்ல மோட்டார் போட்டா அது கத்தத்தானே சார் செய்யும்" என்றார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, தோளைத் தட்டிக்கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"மாப்ளே கடை திறந்திருக்குமா?"

திறந்திருந்தது. தம்பி ஒரு ஹாரனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கருவிப் பை அவன் பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது. செக்கிங் மேசையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வண்டியருகே குந்தி உட்கார்ந்து, டேப்பை முழுசாகத் திறந்து, அதன் கைப்பிடியைத் தனியாகக் கழற்றினார். இனி அதைத் திருப்ப விரலுக்கு ஒன்றும் அகப்படாது.

தம்பியின் கை ஹாரனிலேயே நின்றுவிட்டது.

செக்கிங் எழுந்து வந்தார். கழற்றிய கைப்பிடியை அந்தப் பைக்குள் போட்டார். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே பார்க்காமல், கையால் தடவியே ஜிப்பை இழுத்து மூடினார்.