தையல்கடைத் தொட்டில்

தையல்காரன் சொல்லும் ‘நாளைக்கு வாங்க’ எந்த நாளைக்கு என்பது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல், மிஷின் மிதித்து வீங்கிய கணுக்கால், தீபாவளிக்கு முந்தின வாரம் கடை வாசலில் நின்று ஊரே பாடுகிற பாட்டு, எல்லாம் நீங்களும் பட்டதுதான். ஆனால் இத்தனையோடு ஒரு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு கடை நடத்தியவர் உங்களில் யாராவது உண்டா? இருந்தால் கையைக் கொடுங்கள். நம் இருவரையும் ஊர் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குத் தையல்கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு நிலைக்கண்ணாடி, நான். என் மனைவி செண்பகம் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு அரசாங்க நர்ஸ். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். மகள் வள்ளி பிறந்து, பிரசவ லீவும் தீர்ந்தபோது, பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது.

என் பக்கத்தில் ஆள் இல்லை. அவள் பக்கத்தில் அண்ணன் ஆறுமுகம், கடம்பூரில் போளிக்கடை வைத்திருந்தவர். போளி விற்ற காசில் தங்கையை நர்சுக்குப் படிக்க வைத்ததே அவர்தான். படித்தால் பெரிய இடத்தில் மாப்பிள்ளை அமையும் என்று நினைத்தார், அமைந்தது நான். பிள்ளையைக் கடம்பூரில் விடுங்கள், இல்லாவிட்டால் செண்பகம் வேலையை விடட்டும் என்றார் அவர். இரண்டும் வேண்டாம், பிள்ளை என்னோடு கடையில் இருக்கட்டும் என்றோம் நாங்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தவர் ஒரு கண்டிஷன் போட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, அது அவர் காதில் விழுந்தால், அன்றைக்கே தங்கை வேலையை விட்டுவிட வேண்டும். செண்பகம் தலையாட்டினாள். அந்த வேலை அவளுக்கு உயிர். தலையாட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்காரர் யார்?

தைத்த துணிகளைத் தொங்கவிடும் உத்திரத்தில் செண்பகத்தின் பழைய நூல் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினேன். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது ஆட்டுவது எப்படி? தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு மிஷினை மிதித்துப் பார்த்தேன். மிஷின் போன வேகத்துக்குத் தொட்டிலும் போனது. வள்ளி சிரித்தாள், நான்தான் பயந்து கயிற்றை அவிழ்த்தேன்.

அன்றைக்குப் பருத்தி விற்ற கையோடு ஒரு விவசாயச் சம்சாரி சட்டைத்துணி கொண்டுவந்தார். அளவெடுக்கக் கையைத் தூக்கியவர் தொட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிள்ளைக்குத் தாய் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். “அப்ப நீங்க?” என்றார். நானும் வேலைதானே பார்க்கிறேன் என்று இஞ்ச் டேப்பைக் காட்டினேன். அவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. நான் தோள், நெஞ்சு, கை எல்லாம் அளந்து முடித்த பிறகுதான் யோசனை முடிந்து வாயைத் திறந்தார்.

“அப்ப உங்க வீட்டுல யாரு அண்ணாச்சி வீட்டுக்காரரு?”

மருந்து கேட்ட பெண்

கடையில் எனக்கு இந்தப் பாடு என்றால் கிராமத்தில் செண்பகத்துக்கு வேறு பாடு. ஊசி போடப் போகிற வீட்டில் எல்லாம், கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்ற விசாரணைதான் முதலில். புருஷனிடம் விட்டிருக்கிறேன், அவர்தான் பால் புகட்டி, கால் கழுவி, தூங்க வைக்கிறார் என்று அவள் சொன்னால் நம்ப ஆள் இல்லை. ஒருத்தி மட்டும் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாளாம். கேட்டு முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்.

“எங்க வீட்டு மனுசன் ஆட்டுக்குட்டியக்கூட ஒரு நாழி பாத்துக்கிட மாட்டாரு. நீங்க உங்க வீட்டுக்காரருக்கு என்ன மருந்து குடுத்தீங்கன்னு சொல்லுங்க நர்சம்மா, எனக்கும் ரெண்டு மாத்திரை எழுதிக் குடுங்க!”

அரைக்கைச் சட்டை

தையல்காரன் துணி திருடுவான் என்பது ஊர் ஏகமனதாக முடிவு செய்துவிட்ட விஷயம். நாமும் மறுத்துப் பேசிக் களைத்துவிட்டோம். அதனால் வள்ளிக்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கவுன் தைக்க ஆரம்பித்தபோது நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். முதுகுப் பக்கம் பள்ளிக்கூடக் காக்கி. முன்பக்கம் யாருடைய கல்யாணச் சட்டையிலோ மிஞ்சிய டெரிலின். பாவாடைக்குப் பல ஊர் ஜாக்கெட் துணி. பிள்ளை தவழ்ந்து வாசலுக்குப் போனால் கோவில்பட்டித் தாலுகாவே நடந்து போவது போல இருக்கும்.

எங்கள் தெரு டீச்சர் ஒருவர், கணவருக்குச் சட்டை தைக்க நீலக்கோடு போட்ட துணி கொடுத்திருந்தார். கணவர் நல்ல ஆகிருதி. துணி பற்றவில்லை, அரைக்கைதான் வைக்க முடிந்தது. கழுத்து வெட்டிலும் அக்குள் வெட்டிலும் விழுகிற துண்டு பெரியவர் கைக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டீச்சருக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் ஜாக்கெட் தைக்க வந்தவர் வள்ளியைத் தூக்கிக் கொஞ்சினார். கொஞ்சிக்கொண்டே கவுனின் கையைத் தடவிப் பார்த்தார். நீலக்கோடு. அப்புறம் பிள்ளையை முத்தமிட்டு, என் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“துணி பத்தலைன்னு எங்க வீட்டுக்காரருக்கு அரைக்கை வச்சீங்க. பாப்பாவுக்கு மட்டும் எப்படி முழுக்கை வந்திச்சு?”

மிஷின் நின்றால்

மற்றப் பிள்ளைகள் தாலாட்டுக்குத் தூங்கும். வள்ளி மிஷின் சத்தத்துக்குத் தூங்கினாள். தடதடவென்று ஓடும்வரை தூக்கம், நூல் அறுந்து மிஷின் நின்றால் முழிப்பு. நூல் கோத்து முடிப்பதற்குள் தெரு முழுக்கக் கேட்கும்படி அழுகை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செண்பகம் தோளில் போட்டு, மடியில் போட்டு, பாடி எல்லாம் பார்ப்பாள். ஒன்றும் நடக்காது. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூவரும் கடைக்கு வருவோம். லீவு நாளில் பூட்டைத் திறந்து மிஷின் மிதித்த டெய்லர் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. பிள்ளை தூங்குவதற்காக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறுமனே மிதிப்பானேன் என்று துணியை வைத்துத் தைத்தேன். பேச ஆள் வந்தாலும் மிஷின் ஓடியது, டீ வந்தாலும் ஓடியது. அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையிலேயே எல்லாருடைய துணியும் மடித்துத் தயாராக இருந்தது. நான்கு சட்டை கொடுத்திருந்த அரிசிக்கடைக்காரர் வழக்கம்போலச் சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான்கையும் எடுத்து நீட்டினேன். அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சட்டைகளைப் பிரித்துப் பார்த்தார், பட்டனை இழுத்துப் பார்த்தார், கடைசியில் தொட்டிலைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பொங்கலுக்குள்ள இன்னொரு பிள்ளை பெத்துக்கிடுங்க, ஊரு உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்!”

ஆறாவது பட்டன்

இனிமேல் சிரிக்க முடியாத இடம். வள்ளி பிடித்துக்கொண்டு நிற்கிற பருவம். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பக்கத்தூர்க் கல்யாணத்துக்குப் போட வேண்டிய சட்டைக்காக வந்து உட்கார்ந்திருந்தார். பட்டன் வைப்பதுதான் பாக்கி. மேசை ஓரத்தில் ஆறு பட்டன்களை எடுத்து வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்து நிமிர்ந்தால் ஐந்துதான் இருந்தது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற வள்ளி எதையோ விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். முதலாளிதான் பிள்ளையைத் தூக்கித் தன் காரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். மூச்சு நன்றாக விடுகிறாள், பால் குடிக்கிறாள், ஒன்றும் ஆகாது, தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். சாயங்காலம் வந்த செண்பகம் நர்சாக வயிற்றைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் தாயாக அழுதாள். மறுநாள் மத்தியானம் வரை நாங்கள் இருவரும் எதை எதிர்பார்த்துக் காத்திருந்தோம் என்பதை விவரிக்க வேண்டாம். பட்டன் வந்தது. விஷயம் கேட்ட முதலாளி சந்தோஷமாகச் சிரித்தார். சட்டையை வாங்கிக்கொண்டவர் என்ன நினைத்தாரோ, படியிலிருந்து திரும்பி வந்து ஒவ்வொரு பட்டனாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பிள்ளை பிழைச்சது சந்தோசம் அண்ணாச்சி. அந்தப் பட்டனை மட்டும் இதுல வச்சிரலையே?”

கடம்பூருக்குப் போன பிள்ளை

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் ரயில் போகிறது. ஆனால் செய்தி ரயிலுக்குக் காத்திருப்பதில்லை. அந்த வாரமே மைத்துனர் வந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அவர் சத்தமே போடவில்லை. செண்பகத்தைப் பார்த்து, “ஏட்டி, நீ தலையாட்டுனியா இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். பிள்ளையை நான் கொண்டுபோகிறேன், நீ ஒரு வாரத்துக்குள் ஆபீசில் சொல்லி வேலையை முடித்துக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள் என்று சொல்லி வள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செண்பகம் மறுநாளும் பஸ் ஏறினாள். இதுதான் கடைசி வாரம் என்று கிராமத்தில் யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கடையில் எனக்குத் துணி ஓடவில்லை. வெறும் தொட்டில் தலையில் இடித்தது. அழுகை வந்தது, கடையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவன் என்று ஊர் சொல்லப்போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கை அசந்த ஒரு நொடிக்கு அவள் வேலை போகிறதே என்பதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் மைத்துனர் நின்றார். தோளில் வள்ளி, கையில் போளிப் பொட்டலம். கண் இரண்டும் சிவந்திருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவர் முதலில் செய்தது, வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டதுதான்.

“உறங்க மாட்டேங்கா மாப்ளே” என்றார். “தோள்ல போட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், ரயிலைக் காட்டுனேன், போளியப் பிச்சிக் குடுத்தேன். ஒண்ணும் நடக்கல. மிஷின் சத்தம் வேணும்போலன்னு எங்க வீட்டுல சொன்னா. பக்கத்துத் தெரு டெய்லருகிட்ட மிஷினை இரவல் வாங்கியாந்து, துணியுமில்லாம நூலுமில்லாம மிதிச்சேன். உடனே உறங்கிட்டா. நிறுத்துனா முழிச்சிக்கிடுதா. மூணு நாளா மிதிக்கேன்.”

அவர் மனைவி மிதித்திருக்கலாமே என்று கேட்டேன். “அவ வந்தா இவ அழுதா. என்கிட்டதான் இருப்பேங்கா” என்றபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. போளிக்கடையை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டேன். போளிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். வள்ளி அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் தடுக்கவும் இல்லை.

செண்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள். நாளைக்கே ஆபீசில் சொல்லிவிடுகிறேன் அண்ணா என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் டம்ளரை எடுக்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஏட்டி, எனக்கும் நாலு பிள்ளை இருக்கு. அதுல ஒண்ணு எப்படி உறங்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரிஞ்சிருக்கு. நீ வேலைக்குப் போ.”

அதன்பின் ஊர் எங்களைப் புரிந்துகொண்டது என்று நினைத்துவிடாதீர்கள், வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறுநாளே அது பழைய கேள்விகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, ஒன்றோடு ஏன் நிறுத்திக்கொண்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.